உறவுமுறை: அண்ணன்

இந்த நாட்டில் செத்துப்போவதற்கு எந்த விண்ணப்பமும் தேவையில்லை. செத்த பிறகு பிள்ளைக்கு நாலு காசு கிடைக்கட்டும் என்று நினைக்கிறவனுக்குத்தான் இருபத்தெட்டுப் பக்கம். இது தெரியாமல் செபஸ்தியான் ஒரு திங்கட்கிழமை காலையில், கையில் ஆதார் கார்டு நகல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தீர்க்காயுசு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் திண்டுக்கல் கிளைக்குள் நுழைந்தான்.

அவனுக்கு வயது முப்பத்திரண்டு. செல்போன் டவரில் ஏறி வேலை பார்ப்பவன். சாணார்பட்டி, வடமதுரை, நத்தம் ரோடு என்று எங்கே டவர் கெட்டாலும் அவன்தான் ஏறுவான். மனைவி டெய்சி இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். மகள் ஐரின் எல்.கே.ஜி. படிக்கிறாள். செபஸ்தியானுக்கு அப்பா அம்மா கிடையாது. கிடையாது என்றால் இறந்துவிட்டார்கள் என்று பொருளில்லை, யாரென்றே தெரியாது. கைக்குழந்தையாகக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இல்லத்து வாசலில் விடப்பட்டவன். அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

முந்தின வாரம் சாணார்பட்டி டவரில் நாற்பது மீட்டர் உயரத்தில் இடுப்புப் பட்டையின் கொக்கி ஒன்று கழன்றுவிட்டது. இன்னொரு கொக்கி பிடித்துக்கொண்டது. இரண்டு நிமிஷம் தொங்கினான். அந்த இரண்டு நிமிஷத்தில் அவனுக்குக் கடவுள் ஞாபகம் வரவில்லை, டெய்சி ஞாபகமும் வரவில்லை. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ஐரினை யார் கூப்பிடுவார்கள் என்ற ஒன்றுதான் வந்தது. அன்றைக்கு அவன் போய்ச் சேர மணி ஐந்தேகால் ஆகிவிட்டது. ஆயா அல்போன்சா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

“ஏந் தம்பி, ஒங்கள விட்டா வேற ஆளே இல்லையா? கார்டுல இன்னொரு போட்டோ ஒட்டிக் குடுங்கன்னு எத்தன தடவ சொல்றது?”

பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களின் படம் ஒட்டும் அட்டையில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் செபஸ்தியான் இருந்தான். இன்னொன்று ஜூன் மாதத்திலிருந்து காலி.

கிளை மேலாளர் பிரின்ஸின் அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது. சுவரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரு புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் முகம் மட்டும் கொஞ்சம் மங்கலாக அச்சாகியிருந்தது. அது அச்சகத்தின் தவறா, நிறுவனத்தின் யோசனையா என்று தெரியவில்லை.

“ஒக்காருங்க சார். ஆயுள் காப்பீடுன்னா என்னன்னு தெரியுமா?”

“செத்தா பணம் குடுப்பீங்க.”

பிரின்ஸ் முகத்தைச் சுளித்தார். “அந்த வார்த்தைய இந்த ஆபீஸ்ல நாங்க யூஸ் பண்றதில்ல சார். ‘நிகழ்வு’ன்னு சொல்லணும். நிகழ்வு ஏற்பட்டா குடும்பத்துக்குப் பலன். எங்க கம்பெனியோட கொள்கை என்னன்னா, நிகழ்வே ஏற்படாதவங்க எல்லாரும் பாலிசி எடுக்கணும். இப்ப நீங்க டவர்ல ஏறுறவருங்குறீங்க. ஒங்க பக்கத்துல இருந்து மட்டும் யோசிக்காதீங்க. கொஞ்சம் எங்க பக்கமும் யோசிங்க. நீங்க பாட்டுக்கு விழுந்துட்டீங்க, எங்க நெலம என்ன?”

செபஸ்தியான் மன்னிப்புக் கேட்டான்.

“பரவாயில்ல. ஒடம்பு டெஸ்ட் எடுத்துப் பாப்போம். நல்லா இருந்தா ஒங்களுக்கு இது தேவப்படாது. நல்லா இல்லன்னா நாங்க தர முடியாது. நடுவுல இருந்தா பேசலாம்.”

பிறகு மணியடித்து ஏஜென்ட் சேக் பரீதைக் கூப்பிட்டார். பரீது பேகம்பூர்க்காரர், நாற்பத்தாறு வயது. கையில் ஒரு ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், அதற்குள் விண்ணப்பங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. செபஸ்தியானைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, காலையில சாப்ட்டீங்களா?” என்பது. அந்தக் கட்டடத்தில் உயிரோடிருக்கும் செபஸ்தியானைப் பற்றிக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். மீதி எல்லாம் மற்றவனைப் பற்றியது.

கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, அதைப் பரீதின் செல்போனிலும் ஏற்றினார்கள். பரீது சர்க்கரையில்லாத டீ சொன்னார். பதினான்காவது கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. தந்தை உயிருடன் உள்ளாரா? இல்லையெனில் இறந்த வயது, இறந்த ஆண்டு, காரணம். தாயாருக்கும் அதே.

“தெரியாதுண்ணே.”

“தெரியாதுங்கிற பதில் இந்த மிஷின்ல இல்லையே தம்பி,” என்று பரீது செல்போனைக் காட்டினார். மாரடைப்பு, புற்றுநோய், விபத்து, முதுமை, பிற. பிற என்றால் என்னவென்று மறுபடி கேட்டது.

திரும்பவும் மாடிக்குப் போனார்கள். பிரின்ஸ் பொறுமையாக விளக்கினார். “அப்பா இல்லாம ஒரு மனுசன் இருக்க முடியாது சார். சிஸ்டம் ஒத்துக்காது. நாங்க பொதுவா எம்பத்துநாலு போடுவோம். முதுமை, தூக்கத்துல. ஹெட் ஆபீசுக்கு ரொம்பப் புடிச்ச அப்பா அது. அம்மாவுக்கு எம்பத்தொண்ணு போட்டுக்குங்க. ரெண்டு பேரும் போன வருசம் போனதா இருக்கட்டும்.”

போட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஐரினை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போது செபஸ்தியான் அந்த எண்பத்துநாலு வயதுக்காரரை நினைத்துக்கொண்டே வந்தான். வெற்றிலை போடுவாரா, கோபம் வருமா, டவரில் ஏறாதே என்று திட்டியிருப்பாரா. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஓர் அப்பா கிடைத்திருந்தார். கிடைத்த அன்றைக்கே செத்தும் போயிருந்தார்.

டாக்டர் பரிசோதனை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. ரத்தம், சிறுநீர், எடை, உயரம் எல்லாம் பார்த்தார்கள். நெஞ்சின் சுற்றளவை மூச்சை இழுத்து ஒரு தடவை, விட்டு ஒரு தடவை அளந்தார்கள். மூச்சை விட்ட அளவுதான் நிறுவனத்துக்கு முக்கியம் என்று நர்ஸ் சொன்னாள். உடம்பு இரும்பு மாதிரி இருப்பதாக அறிக்கை வந்தது. பிரின்ஸ் அதைப் படித்துவிட்டு, “இந்த ஒடம்புக்கு எதுக்கு சார் பாலிசி?” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

‘தங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்ததில், தங்கள் தாயார் தங்களைப் பெற்றெடுத்தபோது அவருக்கு வயது ஐம்பது என்று தெரியவருகிறது. இது குறித்துத் தாயாரிடமிருந்து கையொப்பமிட்ட விளக்கம் பெற்று அனுப்பவும். மேலும், தாங்கள் நாள்தோறும் தரையில் இருக்கும் நேரம், தரைக்கு மேல் இருக்கும் நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடவும்.’

“இதுக்கா கவலப்படுறீங்க?” என்றார் பிரின்ஸ். “அம்மாவுக்குப் பதிமூணு வயசக் கொறைச்சிருவோம். அறுபத்தெட்டு. முடிஞ்சிருச்சு.”

ஒரு தட்டலில் அவன் அம்மாவின் ஆயுளில் பதின்மூன்று வருஷம் போயிற்று. செபஸ்தியானின் மனசுக்கு என்னவோ போலிருந்தது. பாவம், இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

கடைசியில் இருபத்தாறாம் பக்கம் வந்தது. பாலிசித் தொகை ஐம்பது லட்சம். பலன் பெறுபவர் ஐரின், வயது நாலரை. பலன் பெறுபவர் மைனர் என்பதால் அவருக்காகப் பணத்தைப் பெற்றுப் பராமரிக்கும் காப்பாளர் பெயர். அதற்குப் பக்கத்தில் உறவுமுறை. நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்தவர் யாரும் கூடாது என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது.

செபஸ்தியான் பேனாவை வைத்துவிட்டான்.

“சம்சாரம் வீட்டுல?” என்று பரீது கேட்டார்.

டெய்சியின் வீடு வடமதுரையில் இருந்தது. அவள் அப்பா ஆரோக்கியதாஸ் ஓய்வு பெற்ற வாத்தியார். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவனை மகள் கட்டிக்கொண்டாள் என்று ஆறு வருஷமாகப் பேச்சில்லை. டெய்சி அடக்கத்துக்கு வந்து கல்லறையோடு நின்றுவிட்டுப் போனவர். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு செபஸ்தியான் விண்ணப்பத்தோடு போனான். ஐரினை ஆயா அல்போன்சாவிடம் விட்டிருந்தான்.

ஆரோக்கியதாஸ் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

“எங்க பேரெல்லாம் எதுலயும் எழுத வேணாம்ப்பா. ஒன் பாடு ஒன்னோட.”

“ஒரு கையெழுத்துதான் மாமா. எனக்கு ஒண்ணு ஆகிட்டா பிள்ளைக்கு ஆளு வேணும்.”

“எம்புட்டுக்குப் போட்டிருக்க?”

“ஐம்பது லட்சம்.”

ஆரோக்கியதாஸ் உள்ளே திரும்பிக் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார். நாற்காலி வந்தது, தண்ணீர் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரி வரியாக வைத்துப் படித்தார். டவர் வேலை ரொம்ப ஆபத்தாச்சே என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு பேனாவைத் திறந்து, “பிள்ள பேரு என்ன போட்டிருக்க?” என்றார்.

பேத்தியின் பெயர் அவருக்குத் தெரியாது. செபஸ்தியான் விண்ணப்பத்தை மெதுவாக அவர் கையிலிருந்து எடுத்து மடித்தான். “செத்த நேரத்துல வாரேன் மாமா,” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். திரும்பிப் போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. இத்தனை பெரிய ஊரில், இத்தனை கூட்டத்தில், ஒரு கட்டத்தை நிரப்ப ஒரு பெயர் தன்னிடம் இல்லை என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் நெஞ்சில் உறைத்தது.

மறுநாள் டீக்கடையில் பரீது முழுவதையும் கேட்டார்.

“தம்பி, என்னைய நீங்க என்னன்னு கூப்புடுறீங்க?”

“அண்ணேன்னு.”

“நான் ஒங்கள?”

“தம்பின்னு.”

“அப்ப எழுதுங்க. காப்பாளர் சேக் பரீது. உறவுமுறை அண்ணன்.”

“அண்ணே, நீங்க வேற, நான் வேற…”

“மதம் என்னன்னு மிஷின் கேக்கல. கேக்காதத நாம எதுக்குச் சொல்லணும்? எனக்கும் கூடப் பொறந்தது மூணு பேரு இருக்கானுங்க. தோல் கடையப் பிரிச்சதுல இருந்து பத்து வருசமா பேச்சில்ல. எனக்கு ஆளு நெறைய தம்பி, எழுதத்தான் ஆளு இல்ல.”

அப்போதுதான் செபஸ்தியானுக்கு விஷயம் தெரிந்தது. தீர்க்காயுசு நிறுவனத்தின் கணினியில் சேக் பரீதுக்கு எழுபத்தோரு தம்பிகள் இருந்தார்கள். இவன் எழுபத்திரண்டு. அந்தக் கட்டத்துக்கு வந்து பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பரீது தன் பெயரைக் கொடுத்திருந்தார். பாலிசி பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதல் ஆளுக்குச் செய்ததாம். பிறகு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனாராம். அதிலிருந்து பழகிவிட்டது. எழுபத்தோரு வீட்டுப் பிள்ளைகளின் பெயரையும் டீ ஆறுவதற்குள் மனப்பாடமாகச் சொன்னார்.

“ஒங்க பாப்பா பேரு?”

“ஐரின்.”

“ஐரின்,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“நீங்க எம்புட்டுக்குப் போட்டிருக்கீகண்ணே?”

பரீது சிரித்தார். “எனக்குச் சக்கர, பிரஷர் ரெண்டும் இருக்கு. எங்க கம்பெனி என்னைய எடுக்கல.”

கணினி சும்மா இருக்குமா? பத்து நாளில் கடிதம் வந்துவிட்டது. ‘தங்கள் மூத்த சகோதரர் சேக் பரீது நீரிழிவு காரணமாக எமது நிறுவனத்தால் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டவர். ரத்த உறவில் இந்நோய் இருப்பதால் தங்கள் பிரீமியத்தில் பத்து சதவீதம் கூடுதலாக விதிக்கப்படுகிறது.’ மற்ற எழுபத்தோரு தம்பிகளும் இந்தப் பத்து சதவீதத்தைக் கட்டி வந்தார்கள். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை என்பதைக் கண்டு, சகோதரத்துவத்தை நிரூபிக்க இதைவிடச் சான்று வேண்டியதில்லை என்று தலைமை அலுவலகம் முடிவு செய்தது. செபஸ்தியானும் கட்டினான். ஓர் அண்ணனுக்கு அது சல்லிசு என்றே அவனுக்குப் பட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்கூட அட்டையின் இரண்டாவது கட்டத்தில் பரீதின் படம் ஏறியது. அல்போன்சா தாடியையும் தொப்பியையும் செபஸ்தியானையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவரு யாரு?”

“எங்க அண்ணன்.”

அவள் வேறு கேள்வி கேட்காமல் ‘பெரியப்பா’ என்று எழுதிக்கொண்டாள். டவர் வேலை இழுத்துக்கொண்ட நாட்களில் பரீது வந்து கூட்டிப் போனார். ஹெல்மெட்டில் இருந்த விண்ணப்பங்களைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அதை ஐரின் தலையில் மாட்டிவிடுவார். நாற்பது மீட்டர் உயரத்தில் செபஸ்தியான் மூன்றரை மணியைச் சாதாரணமாகக் கடக்கக் கற்றுக்கொண்டான். எட்டு மாதம் அப்படிப் போயிற்று.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை, டவரிலிருந்து இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது.

‘அன்புள்ள செபஸ்தியான், தங்கள் மூத்த சகோதரர் சேக் பரீது அவர்களுக்கு நிகழ்வு ஏற்பட்டதை அறிந்து வருந்துகிறோம். காரணம்: மாரடைப்பு. தங்கள் குடும்ப மருத்துவ வரலாறு மாறியுள்ளதால் பிரீமியம் மறுபரிசீலனை செய்யப்படும். தீர்க்காயுசு, என்றும் உங்களுடன்.’

அவன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ‘நிகழ்வு’ என்ற சொல்லை இரண்டு மூன்று தடவை படித்தான். காலையில்தான், பாப்பாவை இன்று நான் கூட்டிக்கிடுறேன் என்று போனில் சொல்லியிருந்தார். செபஸ்தியான் அழுதான். சுற்றிலும் சோளக்காடு, ஒரு ஆள் இல்லை. இல்லத்தில் வளர்ந்தவனுக்கு யாருக்கும் கேட்காமல் அழத் தெரியும், ஆனால் அன்றைக்குச் சத்தம் வந்துவிட்டது. பிறகு மணியைப் பார்த்துவிட்டு எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

ஐரினைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தபோது பரீதை அடக்கம் செய்யும் பேகம்பூர் மையவாடி வாசலில் கூட்டம் நின்றது. அதே செய்தி எழுபத்திரண்டு பேருக்கும் போயிருந்தது. அந்த நிறுவனம் தன் சரித்திரத்தில் செய்த ஒரே நல்ல காரியம் அது, அதுவும் தெரியாமல் செய்தது. சின்னாளப்பட்டிக்காரர்கள், வடமதுரைக்காரர்கள், லாரி டிரைவர்கள், கழுத்தில் சிலுவை போட்டவர்கள், நெற்றியில் திருநீறு பூசியவர்கள் என்று செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாதிப்பேர் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார்கள். ஒருவரையொருவர் யாருக்கும் தெரியாது.

பத்து வருஷமாகப் பேசாத சொந்தத் தம்பி இஷாக் வாசலில் நின்று வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க யாருங்க?”

“தம்பி.”

“நீங்க?”

“தம்பிதாங்க.”

முப்பதாவது ஆளுக்கு அப்புறம் இஷாக் கேட்பதை நிறுத்திவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார். எல்லோரும் வரிசையாகப் போய் மூன்று பிடி மண் போட்டார்கள். செபஸ்தியானும் போட்டான்.

வெளியே வந்தால் மேலாளர் பிரின்ஸ் ஒரு மாலையோடும் ஒரு கட்டுக் காகிதத்தோடும் நின்றிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“நண்பர்களே, நமது பரீது பதினாறு வருசம் நம்ம கிளைக்காக ஒழைச்சார். அவரு ஊழியர் இல்ல, ஏஜென்ட். அதனால லீவு விட விதியில்ல, மாலைக்கு மட்டும் விதியிருக்கு. அவரு பேர்ல பாலிசி இல்லாததுனால, கம்பெனிக்கு இந்த நிகழ்வால எந்த இழப்பும் இல்லங்கிறத நிம்மதியோட சொல்லிக்கிறேன். ஆனா ஒங்க எல்லார் பாலிசியிலயும் காப்பாளர் கட்டம் இப்ப காலி. முப்பது நாளுக்குள்ள ரத்த உறவு ஒருத்தர் பேர எழுதிக் குடுக்கணும். எல்லாரும் ஒரே எடத்துல கெடைக்கிறது அபூர்வம், அதான் படிவத்தக் கையோட கொண்டாந்திருக்கேன்.”

ஆளுக்கொரு காகிதம் கொடுத்துவிட்டு, மாலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுவரில் சார்த்திவிட்டுப் போனார்.

எழுபத்திரண்டு பேரும் கையில் காகிதத்தோடு நின்றார்கள். யாரும் கிளம்பவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் டீக்கடை பெஞ்சில் பார்த்த அதே கட்டம், அதே வெள்ளையாக இருந்தது. நாளைக்கு மூன்றரை மணிக்கு அட்டையில் இருக்கும் இரண்டாவது ஆள் வரமாட்டார். ஐரினுக்கு இதை எப்படிச் சொல்வது என்று செபஸ்தியானுக்குத் தெரியவில்லை. அவள் தோளில் இருந்தபடியே கூட்டத்துக்குள் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற மனிதருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் காய்ந்த சேறு. போர்வெல் வண்டியில் வேலை, பேர் சடையாண்டி, சாணார்பட்டிப் பக்கம் என்றார்.

“தம்பிக்கு என்ன வேல?”

“டவர்ல ஏறுறது.”

“நீங்க மேல, நான் கீழ.” கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார். “இதுல எழுத ஒங்களுக்கு யாரும் இருக்காகளா?”

“இல்ல.”

“எனக்கும் இல்ல. ஒரு பயல் இருக்கான், ஆறாப்புப் படிக்கிறான்.”

சடையாண்டி பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் காகிதத்தைச் செபஸ்தியானிடம் நீட்டிவிட்டு, அவன் கையிலிருந்ததை வாங்கி, நின்றுகொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிள் சீட்டின் மேல் விரித்தார். உறவுமுறை என்ற இடத்தில் முதலில் எழுதினார். பிறகு தொகை எவ்வளவு என்று போட்டிருந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“பிள்ள பேரு என்ன தம்பி?”

செபஸ்தியான் வாயைத் திறப்பதற்குள் தோளில் இருந்தவளே சொன்னாள். சடையாண்டி அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.